லிண்டா கைசெடோ: கோல் கணக்கு பெரிதாக இல்லை, பிறகு ஏன் இவ்வளவு பேச்சு?

கதிர்07 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஆண்கள் கால்பந்து மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் கொலம்பியாவின் லிண்டா கைசெடோ ஜெர்மனிக்கு எதிராக அடித்த கோலை ஒரு நண்பர் அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து கண்ணில் படுகிற அவருடைய வீடியோ எதையும் விடுவதில்லை. அந்தக் கோல் அடித்தபோது அவருக்கு 18 வயது என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

பிரச்சினை என்னவென்றால், அனுப்பிய அதே நண்பர்தான் இப்போது என்னோடு சண்டை போடுகிறார். "ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு ஊதிப் பெரிதாக்குகிறீர்கள். அந்த உலகக் கோப்பையின் சிறந்த இளம் வீராங்கனை விருது ஸ்பெயினின் சல்மா பாராலுயேலோவுக்குத்தானே போனது? ரியல் மாட்ரிட் போன பிறகும் லீக் கோல் பட்டியலின் உச்சியில் கைசெடோ பெயர் வந்ததே இல்லையே? ஃபார்வர்டு என்றால் கோல் அடிக்க வேண்டாமா?" என்கிறார். என்னிடம் பதில் இல்லை. வீடியோத் துண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு வாதாட முடியாது என்பது மட்டும் புரிகிறது.

முழு ஆட்டமாகப் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். இவரிடம் எதைப் பார்க்க வேண்டும்? 14 வயதிலேயே பெரியவர்கள் அணியில் ஆடத் தொடங்கியவர்கள் சீக்கிரம் தேய்ந்துபோவார்கள் என்று சொல்கிறார்களே, அந்தப் பயம் இவர் விஷயத்தில் நியாயமா?

---

சிவப்பு அட்டை எழுதியது:

உங்கள் நண்பர் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

பாராலுயேலோவின் கணக்கைப் பாருங்கள். 2018இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. 2022இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, அதன் இறுதி ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக இரண்டு கோல். 2023இல் பெரியவர்கள் உலகக் கோப்பை. மூன்றும் கையில். அந்த மூன்றாவதில் காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக 111ஆவது நிமிடத்தில் அடித்தது வெற்றிக் கோல். அரையிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராகவும் ஒன்று. இத்தனைக்கும் நடுவில் முழங்கால் தசைநார் கிழிந்து திரும்பி வந்தவர்.

கைசெடோ அதே போட்டியில் அடித்தது இரண்டு. ஜெர்மனிக்கு எதிரானது பிரமாதம், யார் இல்லை என்றார்கள்? தென் கொரியாவுக்கு எதிரானது தூரத்திலிருந்து அடித்த ஷாட், கோல்கீப்பர் பிடித்திருக்க வேண்டிய பந்து, கையில் பட்டு உள்ளே போனது. அப்புறம் இறுதி ஆட்டங்கள். 2022 கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளின் கோப்பை) இறுதியில் தோல்வி, அதே வருடம் 17 வயது உலகக் கோப்பை இறுதியில் தோல்வி, 2025 கோபா இறுதியிலும் தோல்வி. திறமை வேறு, ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது வேறு.

---

ரைட்பேக் எழுதியது:

கதிர் தம்பி, நான் கல்லூரி அணியிலும் பிறகு மாவட்ட அணியிலும் ரைட்பேக்காக (வலதுபக்க டிஃபெண்டராக) ஆடியவள். அதாவது கைசெடோ மாதிரி ஆட்களிடம் எல்லோர் முன்னாலும் மானம் போவதுதான் என் வேலையாக இருந்தது. ஒரு விங்கர் (கோட்டோரம் ஆடுகிற தாக்குதல் ஆட்டக்காரர்) எப்படிப்பட்டவர் என்று ரசிகர்களைக் கேட்பதைவிட எதிரே நிற்கிற டிஃபெண்டரைக் கேட்பது நல்லது என்பது என் கட்சி. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

வேகமான விங்கர் யாரையும் நிஜமாகப் பயமுறுத்துவதில்லை. ஓடி வருகிறாளா, நாம் ஐந்து கெஜம் பின்வாங்கி நின்றுகொள்ளலாம். நடுவில் நிற்கிற டிஃபெண்டரை, அதாவது சென்டர்பேக்கை, கொஞ்சம் நம் பக்கம் வரச் சொல்லலாம். வேகத்துக்கு மருந்து உண்டு. மருந்தே இல்லாத ஆள், நம் முன்னால் வந்து நின்றுவிடுகிறவள்தான். பந்து காலடியில் இருக்கிறது. அவள் அசையவில்லை. நாம்தான் ஏதாவது செய்தாக வேண்டும். பாய்ந்தால் தாண்டிவிடுவாள், பாயாமல் நின்றால் பாஸ் கொடுத்துவிட்டு நம் முதுகுப் பக்கம் ஓடுவாள். அந்த ஒன்றிரண்டு வினாடியில் நம் உடல் எடை ஏதோ ஒரு காலுக்குப் போய்விடும், நமக்கே தெரியாமல். அவள் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

கைசெடோவின் ஆட்டம் முழுக்க இதுதான். பந்து வரும்போது கவனியுங்கள். கோட்டோரம் பாதி திரும்பிய நிலையில் நிற்பார், பந்தைத் தூரக் காலால் வாங்குவார். அதனால் வாங்கிய நொடியே டிஃபெண்டரைப் பார்த்தபடி இருப்பார். முதுகு காட்டி வாங்குகிற விங்கரை நான் பின்னாலிருந்து நெருக்கலாம், இடித்துத் தள்ளலாம். முகம் காட்டி வாங்குகிறவளிடம் அதெல்லாம் நடக்காது. அப்புறம் சின்னச் சின்னத் தொடுதல்கள். பந்து அவர் காலைவிட்டு அரை அடிக்கு மேல் போவது அபூர்வம்.

இன்னொன்று. இடதுபக்கம் ஆடுகிற வலதுகால் ஆட்டக்காரர்களுக்கு எங்களிடம் ஒரு பழைய வைத்தியம் உண்டு. உள்பக்கத்தை அடைத்துவிட்டு வெளிப்பக்கத்தைத் திறந்துவிடுவது. கோட்டோரம் போய் இடது காலால் கிராஸ் போடட்டும், அது பெரும்பாலும் கோல்கீப்பர் கைக்குத்தான் போகும். கைசெடோவிடம் இது செல்லாது. இடது காலாலும் ஒழுங்காக அடிப்பார். எனவே எந்தக் கதவைத் திறந்துவைப்பது என்று தெரியாமல் ரைட்பேக் நடுவிலேயே நிற்பாள். நடுவில் நிற்கிற ரைட்பேக் தோற்றுப்போன ரைட்பேக்.

இப்போது அந்த ஜெர்மனி கோலை மறுபடி போட்டுப் பாருங்கள். 2023 ஜூலை 30, சிட்னி, 52ஆவது நிமிடம். எல்லோரும் ஷாட்டைப் பார்க்கிறார்கள். ஷாட் அழகுதான், வலது காலால், தூரக் கம்பத்தின் மேல் மூலைக்கு. போட்டியின் சிறந்த கோலாகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் நீங்கள் அதற்கு முந்தைய நொடியில் நிறுத்துங்கள். பெனால்டி பாக்ஸுக்குள், இடதுபக்கம், சுற்றிலும் ஜெர்மனி ஆட்டக்காரர்கள். 18 வயதுப் பெண்ணுக்கு அந்த இடத்தில் பந்து கிடைத்தால் என்ன செய்வாள்? கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். அது யாரோ ஒருவரின் தொடையில் பட்டு கார்னருக்குப் போகும். இவர் அடிக்கவில்லை. அடிக்கப் போவதாகக் காட்டிவிட்டுப் பந்தை இழுத்தார். நெருங்கி வந்த இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடைவெளி பிறந்தது. அந்த இடைவெளி முன்பே இருந்ததல்ல, அவர் உண்டாக்கியது. மெர்லே ஃப்ரோம்ஸ் என்கிற நல்ல கோல்கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை.

அந்த வெற்றி என்ன என்பதும் தெரிந்தால்தான் எடை புரியும். ஜெர்மனி பெண்கள் உலகக் கோப்பையின் குழு ஆட்டத்தில் கடைசியாகத் தோற்றது 1995இல். முதல் ஆட்டத்தில் மொராக்கோவை 6-0 என்று துவைத்துவிட்டு வந்தவர்கள். 89ஆவது நிமிடம் அலெக்ஸாண்ட்ரா பாப் பெனால்டியில் சமன் செய்ததும், சரி, முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். 97ஆவது நிமிடம் கார்னரில் கொலம்பியாவின் மனுவேலா வனேகாஸ் தலையால் முட்டினார். 2-1. ஜெர்மனி அந்த முறை குழு நிலையிலேயே வெளியேறியது.

சிவப்பு அட்டைக்கு இப்போது. பாராலுயேலோ அபாரமான வீராங்கனை, விருது தகுதியானதுதான், அதில் தகராறே இல்லை. 400 மீட்டர் ஓட்டக்காரியாக இருந்தவர், கடைசி அரை மணியில் களைத்த டிஃபெண்டர்கள் மேல் அந்தக் கால்களை அவிழ்த்துவிட்டால் யார் தாங்குவார்கள்? நீங்கள் சொன்ன காலிறுதி, அரையிறுதி இரண்டு கோலும் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து அடித்தவை. அதுவரை ஸ்பெயின் நடுக்கள வீராங்கனை ஐத்தானா போன்மதியும் மற்றவர்களும் எதிரணியை ஓடவிட்டுச் சோர வைத்திருப்பார்கள். பந்து முக்கால்வாசி நேரம் ஸ்பெயினிடம்தான் இருக்கும். கொலம்பியாவில் கைசெடோவுக்கு அந்த வசதி இல்லை. பாதி நேரம் தன் பாதியில் வந்து பந்தை வாங்கி, அதைத் தானே அறுபது கெஜம் முன்னால் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேருடைய கோலையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம். அவர் முன்னால் ஒரே ஒரு டிஃபெண்டர் நிற்கிற நேரம் குறைவு. எதிரணியின் வலது விங்கரும் பின்னால் வந்து உதவ வேண்டியிருக்கிறது. அப்படி வந்தால் அந்த விங்கரின் தாக்குதல் போச்சு. லெஃப்ட்பேக் வனேகாஸுக்குக் கோட்டோரம் பாதை கிடைக்கும். நடுவில் ஃபார்வர்டு மாய்ரா ராமிரெஸ் இரண்டு சென்டர்பேக்கையும் முதுகில் சுமந்துகொண்டு நிற்பார், அவர்களாலும் உதவிக்கு வர முடியாது. பந்தைத் தொடாமலே கைசெடோ எதிரணியின் ஒரு பக்கத்தை முடக்கிவிடுகிறார். இது எந்தக் கோல் பட்டியலில் வரும்?

---

மூன்றாவது வரிசை எழுதியது:

ரைட்பேக் அக்கா சொன்னதற்கு ஒரு சாட்சி. 2022 அக்டோபர் 30, நவி மும்பை டி.ஒய். பாட்டில் மைதானம், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நான் இருந்தேன். நம் பெண்கள் அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0 என்று தோற்று எப்போதோ வெளியே போயிருந்தார்கள். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்றுதான் போனேன்.

என் பக்கத்தில் ஒரு குடும்பம். அவர்களுக்கு கைசெடோ யார் என்றே தெரியாது. அரை மணி நேரத்தில் அந்த வீட்டுச் சின்னப் பெண் கொலம்பியாவின் இடதுபக்கம் பந்து போகும்போதெல்லாம் நாற்காலி மேல் ஏறி நிற்க ஆரம்பித்துவிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. எங்கே ஏதாவது நடக்கும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்பெயின் அணியில் அன்று விக்கி லோபெஸ் இருந்தார், போட்டியின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து அவருக்குத்தான். 82ஆவது நிமிடம் கொலம்பியா டிஃபெண்டர் காலில் பட்டுப் பந்து சொந்த வலைக்குள்ளேயே போனது. 1-0, அவ்வளவுதான் ஆட்டம். அந்தத் தோல்வியை கைசெடோ கணக்கில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, சிவப்பு அட்டை.

---

சிவப்பு அட்டை எழுதியது:

சரி, அந்த ஒன்றை விட்டுவிடுகிறேன். 2022 கோபா இறுதியில் பிரேசிலிடம் 1-0, அதுவும் பெனால்டி கோல், அதையும் விடலாம். ஆனால் பெரிய ஆட்டங்களில் அவரைக் கட்டிப்போட வழி இருக்கிறது என்பதும் உண்மைதானே? 2023 காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக என்ன செய்தார்? கொலம்பியாவின் கோலும் லெய்சி சான்டோஸ் அடித்தது.

---

ரைட்பேக் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த ஆட்டத்தை நான் ஒரு பாடமாகவே பார்த்தேன். இங்கிலாந்து அந்தப் போட்டியின் நடுவிலேயே மூன்று சென்டர்பேக் முறைக்கு மாறியிருந்தது. அதனால் வலதுபக்கம் லூசி பிரான்ஸ் முன்னால், ஜெஸ் கார்ட்டர் பின்னால் என்று இரண்டு பேர் இயல்பாகவே கிடைத்தார்கள். ஒருவர் நெருங்கலாம், தாண்டினால் அடுத்தவர் காத்திருப்பார். லூசி பிரான்ஸ் உலகத்தின் மிகச் சிறந்த ரைட்பேக்குகளில் ஒருவர் என்பதையும் மறக்கக் கூடாது. கைசெடோவால் அன்று பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. இங்கிலாந்து 2-1.

ஆனால் இதிலேயே பதிலும் இருக்கிறது. ஐரோப்பிய சாம்பியன் அணி 18 வயதுப் பெண்ணுக்காக ஒரு பக்கத்தில் இரண்டு நல்ல ஆட்களைச் செலவு செய்கிறது. அவரை அடக்கினார்கள் என்றால், அடக்க வேண்டிய ஆள் என்று முடிவு செய்தார்கள் என்றுதானே அர்த்தம்? அதன் பிறகு எப்படி வளர்ந்திருக்கிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் காலிறுதி முதல் ஆட்டம், சேறும் சகதியுமான மைதானம், ஆர்சனலுக்கு எதிராக ரியல் மாட்ரிட் 2-0. முதல் கோல் கைசெடோவுடையது. இரண்டாவது ஆட்டத்தில் ஆர்சனல் 3-0 என்று திருப்பிக் கொடுத்தது, கடைசியில் கோப்பையும் அவர்களுக்கே போனது, அது வேறு விஷயம்.

2025 கோபா இறுதியையும் சொன்னீர்கள். ஈக்வடாரின் கீட்டோவில் நடந்த அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தீர்களா? முதல் கோலே கைசெடோ அடித்ததுதான், 25ஆவது நிமிடம். கொலம்பியா மூன்று முறை முன்னிலை எடுத்தது, மூன்று முறையும் பிரேசில் சமன் செய்தது. 3-2 என்று இருக்கும்போது 90 நிமிடம் முடிந்து தந்த இழப்பு நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் பிரேசிலின் மார்த்தா தூரத்திலிருந்து ஒரு குண்டு போட்டார். 39 வயதில்! கடைசியில் 4-4, பெனால்டியில் பிரேசில். கொலம்பியா இதுவரை கோபாவை வென்றதே இல்லை. அந்தக் கோப்பையில் பிரேசில், அர்ஜென்டினா தவிர வேறு யாருமே வென்றதில்லை. "இறுதி ஆட்டத்தில் தோற்கிறார்" என்பதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, "இவர் இருக்கிற அணி இறுதி ஆட்டத்துக்கு வருகிறது" என்றும் படிக்கலாமே.

---

கதிர்07 எழுதியது:

அக்கா, இதை அப்படியே நண்பருக்கு அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து இன்னும் சத்தமில்லை. தேய்ந்துபோவது பற்றிக் கேட்டிருந்தேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

---

ரைட்பேக் எழுதியது:

அதை வேண்டுமென்றுதான் தள்ளிவைத்தேன் தம்பி. எனக்கும் உள்ளூர இருக்கிற கவலை அதுதான்.

கைசெடோ வாயே டெல் காவுக்கா மாகாணத்தில் கான்டெலாரியா என்ற ஊரில், 2005 பிப்ரவரி 22 அன்று பிறந்தவர். 14 வயதில் அமெரிக்கா டி காலி கிளப்பில் தொழில்முறை லீக், அதே வயதில் தேசிய அணி. 2020இல், 15 வயதில், கருமுட்டைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை, கீமோதெரபி. இதையெல்லாம் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அடுத்த வருடமே டெபோர்ட்டிவோ காலியோடு லீக் பட்டம். இதைச் சொல்லும்போது எல்லோரும் "போராளி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல். போராளி என்று பட்டம் கொடுத்துவிட்டால், அவர் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று ஆகிவிடுகிறது.

ஏற்றினார்கள். 2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை முழுக்கச் சொந்த நாட்டில் கோபா அமெரிக்கா, அரையிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிரான ஒரே கோல் இவருடையது, போட்டியின் சிறந்த வீராங்கனையும் இவர்தான். அடுத்த மாதம் கோஸ்டாரிகாவில் 20 வயது உலகக் கோப்பை. அக்டோபரில் இந்தியாவில் 17 வயது உலகக் கோப்பை. நான்கு மாதத்துக்குள் மூன்று வயதுப் பிரிவு, மூன்று நாடு, மூன்றிலும் முழுப் பொறுப்பு. 17 வயதுப் பெண்ணின் முழங்காலையும் தொடைத் தசையையும் பற்றி யாராவது யோசித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வருடத்தின் இரண்டாம் பாதியில் கொலம்பியாவில் பெண்கள் லீக்கே நடக்கவில்லை என்பது கூடுதல் கொடுமை. கோபா நடக்கும்போதே வீராங்கனைகள் மைதானத்தில் எதிர்ப்புக் காட்டினார்கள். வாரா வாரம் சீராக ஆட லீக் இல்லை, ஆனால் போட்டி வந்தால் மூச்சு விடாமல் ஆட வேண்டும். உடம்புக்கு இதைவிட மோசமான அட்டவணை கிடையாது.

வெளிநாட்டுக் கிளப்புக்குப் போகவும் வழியில்லை. 18 வயது ஆகாதவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா விதி பொதுவாகத் தடுக்கிறது. நல்ல விதிதான், சின்னப் பிள்ளைகளை வாங்கி விற்காமல் காப்பாற்றுகிறது. ரியல் மாட்ரிட் 2023 பிப்ரவரியில், பிறந்தநாள் முடிந்த கையோடு அவரை எடுத்ததற்குக் காரணமும் அதுதான்.

அப்புறம் 2023 ஜூலை 27. தென் கொரியா ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள், பயிற்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். களைப்பு, மன அழுத்தம் என்று அணித் தரப்பு விளக்கம் சொன்னது. மூன்று நாளில் ஜெர்மனி ஆட்டம், அந்தக் கோல். நீங்கள் பார்த்த கிளிப்புக்குப் பின்னால் இது இருக்கிறது. 2024இலும் அதே கதை. பாரிஸ் ஒலிம்பிக் முடிந்ததும் சொந்த நாட்டில் 20 வயது உலகக் கோப்பைக்கும் வந்து நின்றார்.

ஆண்கள் பக்கமும் இப்படி நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 18 வயதில் ஓடி அடித்த கோலை இன்றும் காட்டுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் தொடைத் தசை கிழிந்தது. அதற்குப் பின்னும் 2001இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் வென்றார், ஆனால் அந்த ஆரம்ப வேகம் பழையபடி வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்சு ஃபாத்தி 17 வயதில் ஸ்பெயினுக்குக் கோல் அடித்தார், சில வாரத்தில் முழங்கால் போனது, பிறகு அறுவை மேல் அறுவை. ஸ்பெயினின் போயான் கிர்கிச் 2008 யூரோவுக்கு (ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கு) போகாததற்குக் காரணம் காயம் இல்லை, பதற்றம். பல வருடம் கழித்துத்தான் அதை வெளியே பேசினார்.

இந்த வரிசையில் கைசெடோவைச் சேர்க்க வேண்டாம் என்று நினைக்க எனக்கு ஒரே ஒரு காரணம் உண்டு. ஓவனும் ஃபாத்தியும் முதல் மூன்று கெஜத்தின் வெடிப்பில் வாழ்ந்தவர்கள். தசை போனால் அது போய்விடும். கைசெடோவின் முதல் ஆயுதம் வேகம் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, நிற்பதும் ஏமாற்றுவதும் முப்பது வயதிலும் இருக்கும். மார்த்தாவைப் பாருங்கள், கீட்டோவில் அவர் எத்தனை தூரம் ஓடினார்? ஆனால் இது என் கணிப்பு, மருத்துவரின் சான்றிதழ் இல்லை.

---

மூன்றாவது வரிசை எழுதியது:

தென் கொரியா ஆட்டம் பற்றி ஒரு சின்னத் தகவல், யாரும் சொல்லவில்லையே என்று. அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் கொரியா உள்ளே இறக்கிய கேசி ஃபேர் என்ற ஃபார்வர்டுக்கு வயது 16 வருடம் 26 நாள். ஆண்கள் பெண்கள் எதை எடுத்தாலும் உலகக் கோப்பையில் ஆடியதிலேயே சின்ன வயது அவர்தான். கைசெடோவை எல்லோரும் குழந்தை என்று சொல்லிக்கொண்டிருந்த மைதானத்தில், அவரைவிட இரண்டு வயது சின்னவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

---

கதிர்07 எழுதியது:

ஃபேர் பெயரையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று அக்கா, முழு ஆட்டம் ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்க்கட்டும்? ஜெர்மனி ஆட்டமா?

---

ரைட்பேக் எழுதியது:

வேண்டாம், அதில் கோலுக்காகவே காத்துக்கொண்டிருப்பீர்கள். 2025 கோபா இறுதியை எடுங்கள், கூடுதல் நேரத்தோடு இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் பாதியில் பந்தைத் தொடராதீர்கள். திரையின் அந்த ஓரத்தில் பிரேசிலின் ரைட்பேக் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். எப்போது முன்னால் ஏறுகிறார், எப்போது ஏற நினைத்து நின்றுவிடுகிறார், எப்போது துணைக்கு ஆள் கூப்பிட்டுக் கை நீட்டுகிறார். இரண்டாம் பாதியில் வழக்கம்போலப் பந்தைப் பார்க்கலாம்.

---

சிவப்பு அட்டை எழுதியது:

நானும் அந்த ஆட்டத்தை மறுபடி போடுகிறேன், ஆனால் மார்த்தாவுக்காக. 2027 உலகக் கோப்பை பிரேசிலில். அப்போது கைசெடோவுக்கு 22 வயது, பாராலுயேலோவுக்கு 23. கோல் கணக்கு அங்கே பார்த்துக்கொள்ளலாம் அக்கா. நான் எண்ணிக்கொண்டுதான் இருப்பேன்.

---

ரைட்பேக் எழுதியது:

எண்ணுங்கள் தம்பி. கூடவே, அவருக்கு முன்னால் எத்தனை டிஃபெண்டர் நிற்கிறார்கள் என்பதையும் எண்ணி இங்கே போடுங்கள்.